டேவிட் ஹாக்னி: குளத்திலிருந்து குன்றுக்கு

டேவிட் ஹாக்னி 1937இல் வட இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு நகரில் பிறந்த ஓவியர். லண்டன் ராயல் கலைக் கல்லூரியில் படித்தவர். பெயர் வாங்கிக் கொடுத்தவை நீச்சல் குளங்களும் நண்பர்களின் உருவங்களும்தான். ஆனாலும் அவருடைய கைத்திறனை அளந்து பார்க்க நிலக்காட்சிகளே சரியான இடம். ஊர் மாறும்போதெல்லாம் அவர் கையிலுள்ள வண்ணமும் மாறியிருக்கிறது.

1964இல் லாஸ் ஏஞ்சலஸ் போய்ச் சேர்ந்தவர், அங்கே எண்ணெய் வண்ணத்தை விட்டு அக்ரிலிக்கைக் கையில் எடுத்தார். அக்ரிலிக்கை நீரில் கரைத்துப் பூசலாம், சட்டென்று காய்ந்துவிடும், காய்ந்தபின் எத்தனை முறை மேலே பூசினாலும் கீழேயுள்ள வண்ணம் கலங்காது. பளிச்சென்ற கலிஃபோர்னிய வெயிலுக்கும், வழவழப்பான சுவர்களுக்கும் இது கச்சிதமாகப் பொருந்தியது. 1967இல் வரைந்த ‘எ பிக்கர் ஸ்ப்ளாஷ்’ படத்தில் வானத்தையும் குளத்தையும் உருளை கொண்டு சமமாகப் பூசினார். குளத்தில் யாரோ குதித்ததால் எழும்பிய நீரை மட்டும் சிறு தூரிகைகளால் கோடு கோடாக இழைத்தார். ஓரிரு நொடியில் அடங்கிவிடும் அந்தத் தெறிப்பை வரைய ஏறத்தாழ இரண்டு வாரம் பிடித்தது.

எழுபதுகளில் அக்ரிலிக் அவருக்குச் சலித்தது. 1980இல் ‘முல்ஹாலண்ட் டிரைவ்’ படத்துக்காக மறுபடியும் எடுத்தபோது, பழைய அமைதி எங்கோ போய்விட்டது. ஆறு மீட்டருக்கு மேல் நீளம். மலைமேல் உள்ள வீட்டிலிருந்து ஓவியக்கூடத்துக்குக் காரோட்டிச் செல்லும் பாதையை நினைவிலிருந்தே வரைந்தார். சாலை வளைந்து நெளிய, டென்னிஸ் மைதானமும் மின்கோபுரங்களும் வழியில் வர, மேலே பள்ளத்தாக்கு நகரங்கள் தெரு வரைபடக் கட்டங்களாக விரிகின்றன. ஒரே இடத்தில் நின்று பார்க்கும் காட்சி அல்ல இது. பயணம் செய்யும் கண் பார்த்தது.

1997இல் நண்பர் ஜோனதன் சில்வர் நோயுற்றிருந்தார். அவரைக் காண, தான் பிறந்த மண்ணான யார்க்ஷரின் சாலைகளில் அடிக்கடி காரில் போய்வந்தபோது, இளம் வயதில் பார்த்த குன்றுகள் மறுபடியும் கண்ணில் பட்டன. அடுத்த ஆண்டு, அவற்றில் ஒன்றை ‘கேரோபி ஹில்’ என்ற படமாக எண்ணெய் வண்ணத்தில் வரைந்தார்.

நீர்வண்ணம் வந்தது அதற்கும் பிறகு, 2002 வாக்கில், அறுபது வயதைத் தாண்டியபின். நார்வே, ஐஸ்லாந்து, ஸ்பெயின் என்று சுற்றிவிட்டு 2004இல் கிழக்கு யார்க்ஷருக்கு வந்தார். அக்ரிலிக்கில் செல்லும் சலுகை எதுவும் நீர்வண்ணத்தில் கிடையாது. வெளிர் நிறத்தில் தொடங்கி அடர்நிறத்துக்குப் போக வேண்டும். வெள்ளைக்குத் தாளையே விட்டுவைக்க வேண்டும். மூன்று பூச்சுக்கு மேல் போனால் சேறுதான். அந்த அவசரமே அவருக்கு வேண்டியிருந்தது. அந்தக் கோடையில் வரைந்த 36 தாள்கள் ஒரே தொகுப்பாயின: வயல், வேலி, தானியம் விளைந்த சரிவு, சாலையோர மரங்கள்.

அதற்குப்பின் வேகம் கூடியது. 2007இல் வார்ட்டர் ஊருக்கருகே உள்ள மரங்களை 50 கேன்வாஸ்கள் இணைத்து எண்ணெய் வண்ணத்தில் தீட்டி, மறு ஆண்டு டேட் அருங்காட்சியகத்துக்கே கொடுத்துவிட்டார். பிறகு ஐபேடிலும் வரைந்தார். ஏலச் சந்தையின் கண் மட்டும் குளத்தை விட்டு நகரவில்லை: 1972இன் குளப் படம் ஒன்று 2018இல் 9 கோடி டாலருக்கு மேல் விலைபோனது.

அதற்கு முந்தைய ஆண்டுதான், எண்பதாவது வயதில், கேரோபி குன்றை அவர் மீண்டும் வரைந்திருந்தார். இம்முறை அக்ரிலிக்கில், கீழ் மூலைகளை வெட்டிய அறுகோணக் கேன்வாஸில்.