பொன்னுக்குள் மறைந்த செம்பு

வானம் பார்த்த பூமியாகிய அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்திலே, பருத்தியும் மல்லியும் கம்பும் சோளமும் ஒரு மழையின் தயவால் விளைந்து மறு மழையின் பாராமுகத்தால் கருகிப்போகும் கரிசற்காட்டிலே, ஆபரணம் என்பது அலங்காரமாக மட்டுமின்றி ஆபத்துக்கால நிதியாகவும் கருதப்பட்டு வந்தது. ஆதலால் பொன்னுக்கு அங்கே கிடைத்த ராஜ மரியாதை செம்புக்குக் கிடைத்ததில்லை. ஆயினும் செம்பின் துணையின்றி அந்தப் பொன் ஒரு பெண்ணின் காதில் நிலைத்ததுமில்லை.

சிசுப் பருவத்திலேயே காது குத்தி, ஓலைச் சுருளும் ஈயக் குணுக்கும் இட்டுச் சோணையை வளர்த்து, அது தோளை நோக்கித் தாழ்ந்த பிறகு பாம்படமும் தண்டட்டியும் பூணுவது தென்பாண்டிச் சீமைப் பெண்களின் பழைய வழக்கம். பார்வைக்குக் கெட்டிப் பொன்னெனத் தோன்றும் அந்நகைகள் உள்ளே கூடானவை. தட்டாசாரி பொன்னை மெல்லிய தகடாக அடித்து, வளைத்துப் பற்றவைத்து, உள்ளே அரக்கை நிரப்பினார். சொக்கத் தங்கமாக இருந்தால் அத்தகடு விரல் பட்டாலே நெளியும். செம்பும் வெள்ளியும் அளவோடு கலந்த பின்னரே அதற்கு உறுதி பிறக்கும். துண்டுகளை ஒட்டுகிற பொடியும் பொன்னோடு இவ்விரண்டும் சேர்ந்ததே; வெண்காரம் தடவி, குமிட்டி அடுப்பின் கனலை ஊதுகுழலால் ஊதுகையில், நகையின் பொன் இளகுமுன் இப்பொடி இளகி மூட்டுவாயை அடைத்துக்கொள்ளும். நெருப்பிலிருந்து எடுத்த நகையின் மேனி கறுத்திருப்பது, உள்ளிருக்கும் செம்பு காற்றோடு கூடியதன் விளைவு. புளிக்கரைசலில் ஊறித் தேய்பட்டதும் அக்கறுப்பு நீங்க, தான் ஒருவனே இருப்பதாகப் பொன் மின்னத் தொடங்கும்.

செம்பு பொன்னாகாதா என்ற ஏக்கமும் இப்பக்கத்துக்குப் புதிதன்று. வடக்கே வைகைக் கரைத் திருப்பூவணத்தில், பொன்னனையாள் என்னும் பெண் கொணர்ந்த உலோகப் பாத்திரங்களைச் சித்தராய் வந்த சிவபெருமான் ரசவாதம் செய்து பொன்னாக்கினார் என்று திருவிளையாடற் புராணம் கூறுகிறது. சைவ சித்தாந்திகளோ, ஆன்மாவோடு அநாதியாய் ஒட்டிய ஆணவ மலத்துக்குச் செம்பின் களிம்பையே உவமை காட்டினார்கள்.

இத்தனை பழிக்கு ஆளான செம்பு வெளிப்படையாக மேனியில் ஏறிய இடமும் உண்டு. குழந்தைக்குத் தோஷம் என்று அஞ்சியவர்கள், சக்கரம் கீறிய செப்புத் தகட்டைச் சுருட்டித் தாயத்தில் அடைத்து, கறுப்புக் கயிற்றில் கோத்துக் கட்டினார்கள். உஷ்ணம் தணியும், வாதம் விலகும் என்று நம்பிய பெரியவர்கள் செம்புக் காப்பும் மோதிரமும் அணிந்தார்கள். முடக்குவாதத்துக்குச் செம்புக் காப்பால் பலனில்லை என்றே 2013இல் வெளியான ஓர் இங்கிலாந்துப் பரிசோதனை முடிவு கூறிற்று. வியர்வை பட்டால் மணிக்கட்டில் பச்சைக் கறை படியும் என்பது மட்டும் கண்கூடு. எனினும் 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருஷப் பஞ்சம் போன்ற காலங்களில், பொன் அடகுக்கும் விற்பனைக்கும் போய்விட, விலைபோகாத காரணத்தாலேயே உடம்பை விட்டு நீங்காத பாக்கியம் செம்புக்கு வாய்த்தது.

சீன யுத்தத்தை அடுத்து, 1963 ஜனவரியில், நிதி மந்திரி மொரார்ஜி தேசாயின் காலத்தில் பிறந்த பொன் கட்டுப்பாட்டு விதிகள், 14 காரட்டுக்கு மேற்பட்ட புதுநகை செய்வதைத் தடுத்தன. அதாவது 24 பங்கில் 10 பங்கு, செம்பு முதலிய வேற்று உலோகமாயிற்று. தேசமெங்கும் பொற்கொல்லர்கள் ஜீவனம் இழந்து தவித்தார்கள். 1966இல் அந்த 14 காரட் வரம்பு நீங்கிற்று. 1968இல் இயற்றப்பட்ட பொன் கட்டுப்பாட்டுச் சட்டமும் 1990இல் ரத்தாயிற்று. இக்கரிசற்சீமையிலோ, 24 பங்கில் இரண்டு பங்கு செம்பைப் பொன்னுக்குள் குறை சொல்லாமல் ஏற்றவளும், பிள்ளையின் இடுப்பில் முழுச் செம்பையே கட்டியவளும் ஒருத்தியே ஆகையால், அவளுக்குச் செம்பின்மீது துவேஷம் இருந்ததென்று சொல்வதற்கில்லை. பத்துப் பங்கு செம்பு கலந்த நகைக்குப் பஞ்சத்தில் அடகுக்கடைக்காரர் என்ன கொடுப்பார் என்பதே அவள் கணக்கு. மழையை நம்ப முடியாத சீமையில், அந்தக் கணக்குக்கு ஒத்துவராத விதி எதுவும் காதில் ஏறுவதில்லை.