பார்வை வாத்து: பழைய மரப்பொருளின் மெய்யும் பொய்யும்

பழக்கிய பெண்மான் ஒன்றைக் காட்டில் கட்டிவைத்து, அதனைத் தன் இனமென்று நம்பி வரும் காட்டுமானை வலையில் வீழ்த்துவது பண்டைத் தமிழ் வேட்டுவர் கையாண்ட முறை. அவ்வாறு கட்டிவைத்த விலங்கிற்கு நம் முன்னோர் இட்ட பெயர் ‘பார்வை’ என்பது. பெரும்பாணாற்றுப்படையிலும் புறநானூற்றிலும் இச்சொல் இப்பொருளில் ஆளப்பட்டுள்ளது. கூண்டிலிட்ட கௌதாரியைக் கூவவிட்டு அதன் கூட்டத்தைப் பிடித்த வழக்கமும் இதன்பாற் பட்டதே. இன்று சட்டம் அதனைத் தடுத்துள்ளது.

உயிருள்ள பறவைக்கு மாறாக மரத்தால் வாத்துச் செய்து நீரில் மிதக்கவிட்டு, மேலே பறக்கும் வாத்துகளை இறங்கச் செய்வது அமெரிக்க நாட்டில் பெருகிய தொழில். அங்கே நெவாடா மாநிலத்து லவ்லாக் குகையில் 1924-இல் கோரையால் முடைந்த வாத்துகள் கிடைத்தன. பின்னர்க் கரிமக் கணிப்பினால் அவை ஏறத்தாழ 2,000 ஆண்டுப் பழைமை உடையவை என்று தெளிந்தனர். அந்நாட்டுப் பழங்குடியினர் கோரையில் செய்ததை, குடியேறிய வெள்ளையர் தேவதாரு, பைன் முதலிய மரங்களில் செய்தனர். நம் பழஞ்சொல்லையே எடுத்து இதனைப் ‘பார்வை வாத்து’ என வழங்குவோம்.

பாலக்காட்டிலும் மூணாற்றிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இவ்வாராய்ச்சி எதற்கு என்று அன்பர்கள் வினவலாம். பூஞ்சாற்று அரசரிடமிருந்து ஜே. டி. மன்றோ என்பவர் 1877-இல் கண்ணன் தேவன் மலைகளை உரிமையாகப் பெற்றபின் அங்கே வெள்ளைத் துரைமார் குடியேறினர். நெல்லியாம்பதி மலையிலும் அவர்தம் தோட்டங்கள் எழுந்தன. அவர்கள் போய்விட்டனர், ‘துரை பங்களாவிலிருந்து வந்தது’ என்னும் சொல் மட்டும் போகவில்லை. ஒரு மரவாத்தையோ பெட்டியையோ நாற்காலியையோ காட்டி அச்சொல்லைச் சொன்னால் விலை நான்கு மடங்காகிவிடுகிறது. அரைமாதச் சம்பளத்தை அதற்குக் கொடுத்துவிட்டுப் பின்னர்க் கடைக்காரரைத் தேடியவர்களை நாம் அறிவோம்.

இத்தகைய கதைகளுக்குக் கற்றவரும் தப்புவதில்லை. 2021-இல் கொச்சியில் பழம்பொருள் திரட்டுபவர் ஒருவர் மோசடி வழக்கில் கைதானார். மோசேயின் கைக்கோல், திப்பு சுல்தானின் அரியணை என்றெல்லாம் அவர் பொருள்களைக் காட்டிவந்தார். உயர்பதவியினரும் அவ்வரியணையில் அமர்ந்து படம் எடுத்துக்கொண்டனர். தொல்லியல் துறையினர் ஆய்ந்தபோது அத்திரட்டில் பெரும்பாலானவற்றுக்குப் பழைமையே இல்லை என்பது வெளிப்பட்டது.

ஆதலின் முதலில் சோதிக்க வேண்டுவது பொருளை அன்று. அதனோடு வரும் கதையை. சரக்கின்மேல் ஒட்டிய சீட்டு வேறு, உள்ளே உள்ள சரக்கு வேறாக இருக்கலாம் என்பது இருப்புப்பாதைப் பணியில் உள்ள நமக்குப் புதிதன்று. மூணாற்றிற்கும் டாப் ஸ்டேஷனுக்கும் இடையே 1902-இல் ஒற்றைத் தண்டவாளப் பாதை அமைந்தது. மாடுகள் வண்டியை இழுத்தன. 1908-இல் இரண்டடி அகல இருப்புப்பாதை அதன் இடத்தைப் பெற்றது. 1924-ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அதனை அடித்துக்கொண்டு போயிற்று, மீண்டும் போடவில்லை. ‘எங்கள் பாட்டனார் 1930-இல் மூணாற்று ரயிலில் இறக்கிய பொருள்’ என்று ஒருவர் கூறுவாராயின், பொருளைத் தொட்டுப் பார்க்கவும் வேண்டியதில்லை. அன்றியும் மூணாற்று மலை வரையாட்டுக்கும் மிளாவுக்கும் பேர்பெற்ற வேட்டைக்காடு. இன்றைய இரவிகுளம் தேசியப் பூங்கா துரைமாரின் வேட்டைக் காப்பிடமாக இருந்ததே. வாத்து வேட்டைக்கு அங்கே பெருவாய்ப்பு இல்லை. ஒரே கடையில் பத்துப் பார்வை வாத்துகள் இருக்குமாயின் அதுவே ஐயத்திற்கு இடந்தரும்.

இனிப் பொருளுக்கு வருவோம். பார்வை வாத்து அழகுக்காகப் பிறந்ததன்று. குளிர்நீரில் நாள்முழுதும் வேலை செய்யப் பிறந்தது. எனவே அதன் அடிப்பாகத்தை முதலில் நோக்குக. அலையில் கவிழாது நிமிர்ந்து நிற்பதற்காக ஈயக்கட்டியோ ஈயப்பட்டையோ அடித்திருப்பர். மார்பின் கீழே நங்கூரக் கயிறு கட்டத் தோல்வாரோ இரும்பு வளையமோ இருக்கும். அவை கழன்று போயிருப்பினும் ஆணித்துளையும், ஈயம் கிடந்த இடத்தின் தடமும் நிற்கும். உடலை இரு பாதியாகக் குடைந்து ஒட்டுவதும், தலையைத் தனியே செதுக்கிப் பொருத்துவதும் பெருவழக்கு. மரம் உலர உலரக் கழுத்துப் பொருத்தில் மயிரிழை போல் வெடிப்பு ஓடும். வண்ணம் மங்கலாகவே இருக்கும். மெருகு பளபளத்தால் பறவை அஞ்சி அகன்றுவிடும். மினுமினுக்கும் வாத்து வரவேற்பறைக்குச் செய்த வாத்து.

இந்தோனேசியாவில் மரத்திலும் மூங்கில் வேரிலும் செதுக்கும் அழகிய வாத்துகள் உலகெங்கும் விற்பனையாகின்றன. அவற்றில் குற்றம் ஒன்றுமில்லை. அவற்றுக்கு நூறாண்டு வயது கற்பிப்பவரிடமே குற்றம். நம் நாட்டு ரப்பர் மரமும் ஒரு சாட்சி சொல்லும். கேரளத்தில் ரப்பர்த் தோட்டம் வணிக முறையில் தொடங்கியது 1902-இல், பெரியாற்றங்கரைத் தட்டேக்காட்டில். ரப்பர் மரத்தில் செய்த வாத்தினை 1890-இல் மலையேறிய துரையின் உடைமை என்று எப்படி நம்புவது?

தேய்மானமே தலையாய சான்று. வேட்டைக்காரன் வாத்தைக் கழுத்தைப் பற்றித் தூக்குவான். சாக்கில் பலவற்றைச் சேர்த்துப் போடுவான். ஆகவே அலகின் நுனியும் வாலும் சிதையும், கழுத்து வழவழப்பாகும், விலாப்புறம் ஒன்றோடொன்று உரசித் தேயும். கை படாத இடம் அத்துணை தேயாது. போலி செய்பவனோ உப்புத்தாளை எடுத்து எல்லா இடத்தையும் ஒன்றுபோல் தேய்த்துவிடுகிறான். வெடிப்பினுள்ளே வண்ணம் இறங்கியிருந்தால் வெடிப்புக்குப் பின்னரே வண்ணம் பூசப்பட்டது என்று கொள்க. எனினும் அதனால் மட்டும் போலி என்று தள்ளிவிடலாகாது. மெய்யான வேட்டைக்காரரும் பருவந்தோறும் தம் வாத்துகளுக்கு மறுவண்ணம் பூசியதுண்டு. சில உடல்களில் துப்பாக்கிச் சிறுகுண்டுகளும் புதைந்திருக்கும்.

ஆணியையும் பார்க்கவேண்டும். சிலுவைக் கீறல் உடைய திருகாணி 1930-களில்தான் பரவலாயிற்று. டைட்டானியம் கலந்த வெள்ளை வண்ணம் 1920-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சந்தைக்கு வந்தது. அதனைக் கண்டறிய ஆய்வுக்கூடம் வேண்டும். நூற்கயிறு ஒன்றே போதுமான சோதனையும் உண்டு. மரம் உலரும்போது நீளவாட்டில் சுருங்குவது மிகக் குறைவு; குறுக்குவாட்டில் மிகுதி. ஆதலால் பலகையில் வட்டமாகக் கடைந்த பழம்பொருள் காலப்போக்கில் சற்றே நீள்வட்டமாகும். இரு திசையிலும் அளந்து பார்த்தால் தெரிந்துவிடும்.

போலி செய்ய இத்துணை முயல்வானேன்? 1918-இல் அமெரிக்க அரசு வலசைப் பறவைகளைக் காக்கச் சட்டம் இயற்றியபின் வாத்து வேட்டை வணிகம் வீழ்ந்தது. டெட்ராய்ட் நகரில் 1896-இல் தொடங்கிப் பார்வை வாத்துகளைச் செய்துவந்த மேசன் தொழிற்சாலை 1924-இல் நின்றது. 1934-இல் ஜோயல் பார்பர் என்னும் கட்டடக் கலைஞர் இவ்வாத்துகளைப் பற்றி நூல் எழுதினார்; அடுப்பெரிக்கக் கிடந்தவை அதன்பின் கண்ணாடிப் பேழைக்குள் ஏறின. எல்மர் குரோவெல் என்பவர் செதுக்கிய இரண்டு பறவைகள் 2007-இல் ஒவ்வொன்றும் 11 லட்சத்து 30 ஆயிரம் டாலருக்கு விலைபோயின. அவர் தம் படைப்பின் அடியில் சூட்டுமுத்திரை இடுவது வழக்கம். முத்திரையைப் போலியாகச் செய்வதோ வாத்தைச் செய்வதினும் எளிது!

பொருள் இருக்கும் இடமும் முடிந்த சான்றாகாது. நம் தஞ்சைத் தரணியில் நிகழ்ந்ததை நினைவுகூர்க. சிவபுரத்தில் 1951-இல் மண்ணிலிருந்து வெளிப்பட்ட சோழர் கால நடராசர் திருமேனி, பழுது பார்க்கச் சென்ற இடத்தில் மாற்றப்பட்டது. கோயிலுக்குத் திரும்பி வந்தது புதிதாக வார்த்த படிமம். பிரித்தானிய அருங்காட்சியகத்தைச் சேர்ந்த டக்ளஸ் பாரெட், கோயிலில் உள்ளது போலி என்பதை 1965-இல் தம் நூலில் வெளிப்படுத்தினார். அமெரிக்கா வரை சென்றுவிட்ட உண்மைத் திருமேனி 1986-இல் தாயகம் வந்தது. நடுவே கழிந்த ஆண்டுகளில் கோயிலில் விளக்கேற்றிக் கைகூப்பியவர் எத்துணைப் பேர்!

நம் வீடுகளில் பார்வை வாத்து இருப்பது அரிது. ஆயின் நெல்லை, மதுரை, கோவைச் சீமைகளிலிருந்து நம் பாட்டிமார் கொண்டுவந்த பல்லாங்குழியும் மரக்காலும் மரப்பாச்சியும் பலர் பரண்மேல் கிடக்கின்றன. பல்லாங்குழியின் குழிகளுள் விரல் ஓடித் தேய்ந்த பக்கமும், மரக்காலின் வாயில் நெல்லைத் தலைதட்டித் தேய்ந்த விளிம்பும் மேலே சொன்ன தேய்மானச் சான்றைப் போன்றவையே. அவற்றை உப்புத்தாளால் தேய்த்து வார்னிஷ் பூசிவிடுதல் வேண்டா. உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். நூறாண்டு கடந்த கைவினைப் பொருள்களை 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் கட்டுப்படுத்துகிறது. அத்தகையவற்றை வாங்கி விற்கும் வணிகர் உரிமம் பெற்றிருத்தல் வேண்டும். தனியார் அவற்றை அயல்நாட்டுக்கு அனுப்புதல் கூடாது. காலனிக்குள் பழம்பொருள் கேட்டு வருபவரிடம் விலை பேசுமுன் அவ்வுரிமத்தைக் காட்டச் சொல்லலாம்.