பிரிண்டருக்கும் ஒரு நிரந்தர இலக்கம் வேண்டும்: ஐபி முகவரி பங்கிட்ட கதை

2022 மார்ச் இறுதியை யாரும் மறந்திருக்க மாட்டோம். நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் போன காலம். கடதாசிக்கும் தட்டுப்பாடு. வீட்டில் ஸ்மார்ட் போன் இல்லாத பிள்ளைகளுக்கு மட்டுமாவது பயிற்சித்தாளை அச்சிட்டுக் கொடுப்போம் என்று எங்கள் வீட்டுப் பிரிண்டரை நம்பி இருந்தோம்.

கரண்ட் வந்ததும் ஓடிப்போய் மடிக்கணினியைத் திறந்தால், பிரிண்டர் 'ஓஃப்லைன்' என்று காட்டும். பிரிண்டரில் பச்சை விளக்கு எரிகிறது, வைஃபையும் இருக்கிறது, ஆனால் தாள் வராது. அழித்து, திரும்பச் சேர்த்து, சரிவரும் நேரத்தில் மறுபடி இருட்டு. "இது மௌத்தாகிட்டு மகன், வேறொன்டு எடுங்க" என்றார் உம்மா. அன்று விலைவாசி இருந்த நிலையில் வேறொன்று எங்கே எடுப்பது? ஒருநாள் காலை வாசலுக்கு வந்த நான்கு பிள்ளைகளை வெறுங்கையோடு அனுப்பினோம். அது இன்னும் உறுத்துகிறது.

பிரிண்டரில் ஒரு பிழையும் இல்லை. அதன் இலக்கம் மாறியிருந்தது, அவ்வளவுதான். முதல்நாள் 192.168.1.5 ஆக இருந்தது, கரண்ட் வந்தபின் 192.168.1.8 ஆகிவிட்டது. மடிக்கணினி பழைய 5-இன் கதவையே தட்டிக்கொண்டிருந்தது. இந்த இலக்கத்தை யார் கொடுக்கிறார், ஏன் மாற்றுகிறார் என்று தேடப்போய்த்தான் இந்தக் கதை கிடைத்தது.

1969இல் அமெரிக்காவில் ஆர்பாநெட் தொடங்கிய போது அதில் இருந்தவை நான்கே கணினிகள். ஒரு கணினியின் முகவரிக்கு 8 பிட் போதும் என்று நினைத்தார்கள். அப்போது எல்லா முகவரியும் நிரந்தர முகவரிதான். கணினி ஒரு அறை அளவு, அது எங்கே நகரப்போகிறது? எந்த இலக்கம் யாருக்கு என்ற பதிவைப் பல ஆண்டுகள் பராமரித்தவர் ஜொன் போஸ்டல். 1998இல் காலமாகும் வரை அந்தப் பொறுப்பிலேயே இருந்தார். பெயரையும் இலக்கத்தையும் சேர்த்த பட்டியலை கலிபோர்னியாவில் எலிசபெத் ஃபைன்லரின் குழு வைத்திருந்தது. புதுக் கணினி ஒன்றைச் சேர்க்க வேண்டுமானால் அவர்களிடம் சொல்ல வேண்டும். நமது பாடசாலை அலுவலகத்துச் சேர்வுப் பதிவேடு மாதிரித்தான்.

1981இல் ஐபி நான்காம் பதிப்பு எழுதப்பட்டது. முகவரிக்கு 32 பிட், அதாவது ஏறத்தாழ 429 கோடி இலக்கங்கள். 1983 ஜனவரி 1ஆம் திகதி ஆர்பாநெட் முழுவதும் இந்த முறைக்கு மாறியது. ஆனால் சிக்கல் வேறு பக்கத்தில் வந்தது. பல்கலைக்கழகங்களில் ஹார்ட் டிஸ்க் இல்லாத கணினிகள் வந்தன. அவை இரவில் அணைந்தால் தங்கள் இலக்கத்தை மறந்துவிடும். காலையில் எழுந்து, "நான் யார்?" என்று வலையமைப்பையே கேட்க வேண்டும். அதற்காக 1984இல் ராப் என்ற முறையும், 1985இல் பில் குரொஃப்ட், ஜொன் கில்மோர் இருவரும் எழுதிய பூட்பி முறையும் வந்தன. இரண்டிலும் நிர்வாகி ஒருவர் அட்டவணை எழுதி வைக்க வேண்டும்: இந்த மெக் முகவரிக்கு இந்த ஐபி.

மெக் முகவரி என்பது வலையமைப்பு அட்டைக்குத் தொழிற்சாலையிலேயே கொடுக்கும் 48 பிட் இலக்கம். பிள்ளைகளுக்கு நாங்கள் இப்படிச் சொல்வோம்: மெக் என்பது சேர்விலக்கம், ஐபி என்பது பரீட்சைச் சுட்டெண். முதலாவது அந்தப் பாடசாலையில் இருக்கும்வரை ஒன்றே. இரண்டாவது பரீட்சைக்குப் பரீட்சை மாறும்.

மேசைக் கணினிகள் பெருகப் பெருக, கையால் அட்டவணை எழுதிக் கட்டுப்படியாகவில்லை. 1993இல் டிஎச்சிபி வந்தது. அதை எழுதியவர் பக்னெல் பல்கலைக்கழகத்து ரால்ஃப் ட்ரோம்ஸ். 1997இல் திருத்தி எழுதப்பட்ட வடிவம்தான் இன்றைய எங்கள் ரவுட்டர்களுக்கும் அடிப்படை. அதன் புதுமை ஒரு சொல்லில் இருக்கிறது: குத்தகை. இலக்கம் உனக்குச் சொந்தமில்லை, குறித்த காலத்துக்கு வாடகைக்குத்தான். பாதிக் காலம் போனதும் கருவி புதுப்பிக்கக் கேட்கும். பல வீட்டு ரவுட்டர்கள் இந்தக் குத்தகைக் கணக்கைத் தற்காலிக நினைவகத்தில்தான் வைத்திருக்கின்றன. கரண்ட் போனால் கணக்கும் போகும். வந்தபின் யார் எந்த வரிசையில் கேட்கிறார்களோ, அதற்கேற்ப இலக்கம் மாறக்கூடும். எங்கள் 5ஆம் இலக்கம் ஒரு போனுக்குப் போனது இப்படித்தான்.

எல்லோர் வீட்டிலும் அதே 192.168 எப்படி என்று தரம் 11 மாணவி ஒருத்தி கேட்டாள். நல்ல கேள்வி. 429 கோடியும் போதாது என்பது தொண்ணூறுகளிலேயே தெரிந்துவிட்டது. ஆகவே மூன்று தொகுதிகளை வீட்டுக்குள், அலுவலகத்துக்குள் மட்டும் பாவிக்க ஒதுக்கினார்கள். 1996இல் வந்த ஆவணத்தின்படி அவை 10இல் தொடங்குபவை, 172.16 முதல் 172.31 வரை உள்ளவை, 192.168இல் தொடங்குபவை. இதில் 10 என்பது ஒருகாலத்தில் ஆர்பாநெட்டின் சொந்த இலக்கம். 1990இல் அது மூடப்பட்டது. இன்று அந்த இலக்கம் யார் வீட்டிலும் இருக்கலாம். அப்படி ஒதுக்கியும் 2011 பெப்ரவரியில் உலகப் பொதுக் கையிருப்பு பங்கிட்டு முடிந்தது. இலங்கையும் சேர்ந்த ஆசிய பசுபிக் பிராந்தியத்தில் அதே ஏப்ரலில் வழமையான பங்கீடு நின்றது.

இனி எங்கள் பிரிண்டருக்கு வருவோம். முதலில் அவசரத்தில் பிரிண்டரிலேயே 192.168.1.5 என்று எழுதிவிட்டோம். ரவுட்டருக்கு அது தெரியாது. அதே 5ஐ ஒரு போனுக்கும் கொடுத்தது. ஒரே சுட்டெண்ணில் இரண்டு பரீட்சார்த்திகள்! இரண்டுமே ஒழுங்காக வேலை செய்யவில்லை. கருவியிலேயே எழுதுவதானால், ரவுட்டர் பங்கிடும் எல்லைக்கு வெளியே உள்ள இலக்கத்தை எழுத வேண்டும்.

அதைவிட நல்லது ரவுட்டரிலேயே ஒதுக்கி வைப்பது. ரவுட்டர் பக்கத்தில் டிஎச்சிபி பகுதிக்குள் 'அட்ரஸ் ரிசர்வேஷன்' என்றோ, அதைப் போன்ற பெயரிலோ இருக்கும். பிரிண்டரின் மெக் முகவரியையும் விரும்பிய ஐபியையும் எழுதிச் சேமித்தால் போதும். கரண்ட் எத்தனை தடவை போனாலும் அதே இலக்கம். கமராவுக்கும் இப்படிச் செய்யலாம். போனுக்குச் செய்வதானால் ஒரு கவனம்: அண்மைக்கால போன்கள் உண்மையான மெக்கை மறைத்து வேறொன்றைக் காட்டும். வீட்டு வைஃபைக்கு மட்டும் அந்த அமைப்பை நிறுத்தினால்தான் ஒதுக்கீடு எப்போதும் பொருந்தும்.

யோசித்துப் பார்த்தால் இது பூட்பி காலத்து அட்டவணையேதான். டிஎச்சிபி எழுதியவர்கள் குத்தகையைக் கொண்டு வந்தார்கள், ஆனால் கையால் ஒதுக்கும் பழைய வழியையும் அடைத்துவிடவில்லை. வந்துபோகும் போனுக்குக் குத்தகை போதும். மற்றவர் தேடிவரும் இடத்துக்கு நிலையான விலாசம் வேண்டும்.

அந்தப் பிரிண்டர் இன்றும் எங்கள் வீட்டில் ஓடுகிறது. உங்கள் வீட்டிலும் 'மௌத்தான' பிரிண்டர் ஒன்று மூலையில் கிடந்தால், வீசுவதற்கு முன் அதன் இலக்கத்தை ஒருதடவை பாருங்கள்.