குவாஜூலு-நேட்டால்: பயணிகள் தேடிவரும் இடங்கள்

தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கரையில், இந்தியப் பெருங்கடலுக்கும் லெசோத்தோ நாட்டின் மலைச் சுவருக்கும் நடுவே அமைந்த மாகாணம் குவாஜூலு-நேட்டால். பரப்பு 94,361 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டில் முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைவு. 2022 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை சுமார் 1.24 கோடி. தலைநகர் பீட்டர்மாரிட்ஸ்பர்க், பெரிய நகரமும் துறைமுகமும் டர்பன். கடல் மட்டத்தில் தொடங்கும் நிலம், ஏறத்தாழ 200 கிலோமீட்டருக்குள் 3,000 மீட்டருக்கு மேல் ஏறிவிடுகிறது. கரையோரமாக ஓடும் வெதுவெதுப்பான அகுல்லாஸ் நீரோட்டத்தால் வடகோடியில் பவளப்பாறைகள் வளர்கின்றன. அதே மாகாணத்தின் மேற்கு மலைகளில் ஜூன் மாதத்தில் பனி பெய்கிறது.

1497 கிறிஸ்துமஸ் சமயத்தில் கோழிக்கோட்டை நோக்கிப் போய்க்கொண்டிருந்த வாஸ்கோ ட காமா இக்கரையைக் கடந்தார். போர்த்துகீசிய மொழியில் கிறிஸ்துமஸைக் குறிக்கும் சொல்லே ‘நேட்டால்’ ஆயிற்று. வெள்ளையர் ஆண்ட நேட்டால் மாகாணமும், நிறவெறி அரசு ஜூலு மக்களுக்கென்று துண்டு துண்டாக ஒதுக்கியிருந்த குவாஜூலுவும் 1994இல் ஒன்றாக்கப்பட்டபோது இன்றைய இரட்டைப் பெயர் வந்தது. எவை பார்க்கத்தக்க இடங்கள் என்பதும் இந்தப் பெயரைப் போலவே மாறிவந்திருக்கிறது. நூறாண்டுக்கு முந்தைய பயணிக்கு மலையும் வேட்டை விலங்கும் கடற்கரையும் போதுமானவை. அங்கிருந்து துரத்தப்பட்டவர்களின் சுவடுகளும் இன்று அந்த வரிசையில் சேர்ந்திருக்கின்றன.

மலைகள்

டச்சு வழிக் குடியேறிகள் இம்மலைத்தொடரை டிராகன்ஸ்பெர்க், அதாவது பறவைநாக மலை என்றனர். ஜூலு மொழியில் இது உகஹ்லாம்பா: ஈட்டிகளை நட்டு நிறுத்திய வேலி. அடிவாரத்தில் நின்று நிமிர்ந்து பார்த்தால் இரண்டாவது பெயரே பொருத்தமாகப் படுகிறது. சுமார் 18 கோடி ஆண்டுகளுக்கு முன் பொங்கி உறைந்த எரிமலைக் குழம்பின் கருங்கற்படலம் மேலே. அதற்குக் கீழே வெளிர்நிற மணற்கல். மேல் அடுக்கு செங்குத்தாக உடைந்து சிகரங்களாக நிற்கிறது. கீழ் அடுக்கு உள்வாங்கிக் குடைந்துபோய்க் குகைத் தாழ்வாரங்களாகியிருக்கிறது. அந்தத் தாழ்வாரங்களில்தான் சான் மக்கள் வாழ்ந்தார்கள், வரைந்தார்கள்.

4,000 ஆண்டுகளுக்கு மேல் இங்கே நடமாடிய வேட்டை மக்கள் சான்கள். இம்மலைப் பூங்காவின் எல்லைக்குள் மட்டும் சுமார் 600 இடங்களில் 35,000 அளவுக்கு அவர்களுடைய உருவங்கள் எஞ்சியுள்ளன. அவர்கள் மீண்டும் மீண்டும் வரைந்தது ஈலண்டு என்னும் பெரிய மானை. காம்பெர்க் அருகேயுள்ள கேம் பாஸ் குகையில் சாகும் தறுவாயில் தலை தொங்கிக் கால் பின்னி நிற்கும் ஒரு ஈலண்டு இருக்கிறது. அதன் வாலைப் பிடித்தபடி நிற்கும் மனிதனின் கால்களும் அதேபோலப் பின்னியிருக்கின்றன. இவை வேட்டைக் காட்சிகள் என்றே நெடுங்காலம் நம்பப்பட்டது. மருளேறி ஆடும் மருத்துவன், சாகும் விலங்கின் ஆற்றலைத் தன்னுள் வாங்கும் நிலை இது என்று ஆய்வாளர் டேவிட் லூயிஸ்-வில்லியம்ஸ் விளக்கிய பிறகு, தென்னாப்பிரிக்கப் பாறை ஓவியங்களைப் படிக்கும் முறையே மாறியது. அருள் வந்து ஆடுபவரைக் கண்ட கண்களுக்கு இந்த விளக்கம் அந்நியமாகத் தோன்றாது.

19ஆம் நூற்றாண்டில் குடியேறிகளின் துப்பாக்கிக்கும், வேட்டை விலங்குகள் அருகியதற்கும் இரையாகி, இம்மலைகளில் சான் மக்கள் தனிக்குழுவாக இல்லாமல் போயினர். ஈலண்டு மானைக் காப்பதற்காக ஜெயன்ட்ஸ் காசில் காப்பகம் 1903இல் அறிவிக்கப்பட்டது. மானை வரைந்த கைகளைக் காக்க எவரும் எதையும் அறிவிக்கவில்லை. இன்று அங்கே எலும்பு தின்னும் தாடிப் பாறுகளைப் பார்ப்பதற்கென்று மறைவிடம் கட்டியிருக்கிறார்கள். ஓவியங்களை வழிகாட்டியோடுதான் பார்க்க முடியும். நிறம் துலங்கட்டும் என்று தண்ணீர் தெளித்துப் படமெடுத்தவர்களால் பல உருவங்கள் மங்கிப்போன பிறகு ஏற்பட்ட கட்டுப்பாடு இது. முற்றிலும் நியாயமானது.

வடக்கே 1916இல் அமைந்த தேசியப் பூங்காவுக்கு, 1947இல் பிரிட்டிஷ் அரச குடும்பம் வந்து தங்கியதை ஒட்டி ‘ராயல்’ அடைமொழி சேர்ந்தது. ஐந்து கிலோமீட்டர் நீளத்துக்கு வளைந்து நிற்கும் ஆம்ஃபிதியேட்டர் பாறைச் சுவரும், ஐந்து தாவலாக 948 மீட்டர் இறங்கும் துகேலா அருவியும் இங்கே உள்ளன. உலகின் மிக உயர்ந்த அருவிகளில் ஒன்றாயினும் மழைக்காலம் கழிந்தால் இது நூலாக இளைத்துவிடும். தெற்கே, கோவேறு கழுதைகள் சுமை ஏற்றிய தடமாகத் தொடங்கிய சானி கணவாய் 2,876 மீட்டரில் லெசோத்தோவுக்குள் நுழைகிறது. நான்கு சக்கர இழுவை வண்டிகளுக்கு மட்டுமே அதில் அனுமதி. 2000இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த இம்மலைப் பூங்கா, 2013இல் லெசோத்தோவின் பகுதியும் இணைந்து மலோட்டி-டிராகன்ஸ்பெர்க் பூங்காவாக விரிந்தது.

காடும் காயலும்

ஹ்லுஹ்லுவே, இம்ஃபோலோசி, செயின்ட் லூசியா ஆகிய மூன்று காப்பகங்களும் 1895இல் அறிவிக்கப்பட்டவை. ஆப்பிரிக்காவின் மிகப் பழைய காப்பகங்களில் அடங்குபவை. ஜூலு மன்னர் ஷாகாவின் வேட்டைக்காடாக இருந்த நிலம் இம்ஃபோலோசி. வெள்ளைக் காண்டாமிருகம் அப்போது தெற்கு ஆப்பிரிக்கா முழுவதிலும் நூற்றுக்கும் குறைவாகி, இம்ஃபோலோசி ஆறுகளின் இடைநிலத்தில் ஒடுங்கியிருந்தது. காப்பகம் என்ற பெயர் மட்டும் அதைக் காப்பாற்றிவிடவில்லை. ட்செட்ஸி ஈக்கள் மாடுகளுக்குப் பரப்பும் நகானா நோய்க்குக் காட்டு விலங்குகளே காரணம் என்று பண்ணையார்கள் முறையிட, 20ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் பல்லாயிரம் விலங்குகள் அரசாணையின் பேரில் சுட்டுக் கொல்லப்பட்டன. காண்டாமிருகத்துக்கு மட்டும் விலக்கு இருந்தது. பிறகு வானிலிருந்து டி.டி.டி. தெளித்து ஈயை ஒழித்தார்கள்.

1960களில் இயன் பிளேயர் முன்னின்று நடத்திய ‘ஆபரேஷன் ரைனோ’, மயக்க ஊசி போட்டுக் காண்டாமிருகங்களைப் பிடித்துப் பிற காப்பகங்களுக்கும் உலகின் மிருகக்காட்சிசாலைகளுக்கும் அனுப்பியது. இன்று உலகில் உயிரோடுள்ள தெற்கு வெள்ளைக் காண்டாமிருகங்கள் அநேகமாக எல்லாமே இந்தக் காட்டு வழிவந்தவை. பிளேயருக்குக் காட்டை வாசிக்கக் கற்றுத் தந்தவர் ஜூலு வனக்காவலர் மக்குபு இன்டோம்பெலா. இருவரும் தொடங்கிய கானக நடைப்பயணம் இம்ஃபோலோசியில் இன்றும் நடக்கிறது. வண்டியிலிருந்து பார்ப்பதைவிட இதுவே இக்காட்டை அறியும் சிறந்த வழி.

வடகிழக்குக் கரையில் செயின்ட் லூசியா காயலைச் சூழ்ந்த சதுப்புநிலப் பூங்கா, 1999இல் தென்னாப்பிரிக்காவின் முதல் உலகப் பாரம்பரிய இடங்களுள் ஒன்றாயிற்று. 2007 முதல் அதன் பெயர் இசிமங்கலிசோ. அதிசயம் என்று பொருள். நீர்யானைகளும் முதலைகளும் நிறைந்த காயலையும் கடலையும் பிரிப்பது காடு மூடிய மணற்குன்றுகள். சில 180 மீட்டர் வரை உயர்ந்தவை. அக்குன்றுகளில் டைட்டானியம் தோண்டும் திட்டத்தைப் பெரும் எதிர்ப்புக்குப் பின் அரசு 1996இல் நிராகரித்தது. அதற்கு முன்பே, 1950கள் தொடங்கி, மரத்தோட்டங்களுக்காகவும் ஏவுகணைச் சோதனைத் தளத்துக்காகவும் கிழக்குக் கரையின் குடிகள் வெளியேற்றப்பட்டிருந்தனர். நவம்பர் முதல் ஜனவரி வரை தோணியாமைகளும் பெருந்தலை ஆமைகளும் இரவில் கரையேறி முட்டையிடுகின்றன. 1963 முதல் அவற்றைக் கணக்கெடுத்துக் காத்துவருகிறார்கள். 2000ஆம் ஆண்டில் சோட்வானா விரிகுடாவில் மூழ்கிய முக்குளிப்போர், நூறு மீட்டர் ஆழத்தில் சீலகாந்த் மீன்களைக் கண்டனர். டைனோசர்கள் காலத்தோடு முடிந்துபோனதென்று ஒருகாலத்தில் கருதப்பட்ட குலத்தைச் சேர்ந்த மீன் அது. இன்னும் வடக்கே கோசி விரிகுடாவில், சோங்கா மக்கள் கழிகளை வேலியாக நட்டு அமைக்கும் மீன் பொறிகள் தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வருகின்றன. மேலிருந்து பார்த்தால் நீரில் போட்ட கோலம் போலிருக்கும்.

டர்பனும் கரும்பும்

1824இல் ஆங்கில வணிகர்கள் குடியேறிய துறைக்கு, 1835இல் கேப் ஆளுநர் பெஞ்சமின் டர்பனின் பெயர் சூட்டப்பட்டது. கரும்பு விளைந்தது; வெட்டுவதற்கு ஆள் இல்லை. சொந்த நிலமும் மாடும் வைத்திருந்த ஜூலு மக்கள் தோட்ட வேலைக்கு வர மறுத்தனர். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ‘ட்ரூரோ’ கப்பல் 342 பேரோடு வந்து சேர்ந்தது. 1911 வரை ஏறத்தாழ 1,52,000 பேர் ஒப்பந்தக் கூலிகளாக வந்தனர். மூன்றில் இரண்டு பங்கினர் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறிய தமிழரும் தெலுங்கருமே.

அவர்கள் தோட்டத்து ஓரங்களில் எழுப்பிய கோயில்கள் இன்று மாகாணத்தின் பாரம்பரியச் சின்னங்கள். உம்பிலோ ஆற்றங்கரையில் இருந்த அம்பலவாணர் ஆலயம் 1905 வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டது. கேட்டோ மேனரில் 1947இல் கட்டப்பட்ட அதன் இன்றைய வடிவம் 1980இல் தேசியச் சின்னமானது. இசிபிங்கோ, மவுன்ட் எட்ஜ்கூம் மாரியம்மன் கோயில்களில் ஆண்டின் பெருங்கூட்டம் கூடுவது ஈஸ்டர் நாட்களில். கூலிகளுக்குச் சேர்ந்தாற்போல் விடுமுறை கிடைத்தது அப்போதுதான். முதலாளியின் பண்டிகை நாளில் அம்மனுக்குக் கூழும் பொங்கலும் படைக்கப்பட்டன. ரொட்டியின் நடுவைக் குடைந்து குழம்பை ஊற்றித் தரும் ‘பன்னி சௌ’ இந்நகரத்து இந்தியர்களின் கண்டுபிடிப்பு. டர்பனுக்கு வந்தவர் இதைக் கையால் பிய்த்துத் தின்னாமல் திரும்பக் கூடாது.

1849இல் தொடங்கிய தாவரவியல் பூங்காவில் ஒரு தனிமை இருக்கிறது. பனைபோலத் தோன்றும் சைக்கட் வகையொன்றை 1895இல் ஜான் மெட்லி வுட், ஓங்கோயே காட்டில் கண்டார். ஒரே ஒரு செடிக்கூட்டம், அதுவும் ஆண். இன்றுவரை பெண் கிடைக்கவில்லை. இப்பூங்காவில் நிற்பவை உட்பட, உலகெங்கும் உள்ள அவ்வகை மரங்கள் யாவும் அதிலிருந்து பிரித்து நட்டவையே.

நகரக் கடற்கரையில் சுறாத் தடுப்பு வலைகள் 1952 முதல் போடப்படுகின்றன. மணல் மட்டும் எல்லாருக்கும் சொந்தமாக இருக்கவில்லை. வெள்ளையருக்கு, இந்தியருக்கு, கலப்பினத்தாருக்கு, ஆப்பிரிக்கருக்கு என்று பலகை நட்டுக் கரையைக் கூறுபோட்டிருந்தார்கள். 1989இல்தான் அது எல்லாருக்கும் திறந்தது. அதே மணலில் இன்று ஜூலு, தமிழ், குஜராத்திக் குடும்பங்கள் பக்கத்தில் பக்கத்தில் பாய் விரிப்பதை, பார்க்கத்தக்கவற்றில் முதலாவதாகச் சொல்லலாம்.

போர்க்களங்களும் விடுதலைத் தடமும்

1879 ஜனவரி 22 அன்று இசண்ட்ல்வானாவில் ஜூலு படை பிரிட்டிஷ் தரப்பில் சுமார் 1,300 பேரை வீழ்த்தியது. சிங்கம் படுத்தாற்போன்ற மலையடியில் வெள்ளையடித்த கற்குவியல்கள் பிரிட்டிஷ் தரப்பினரின் சமாதிகள். அன்றிரவே அருகிலுள்ள ரோர்க்ஸ் டிரிஃப்டில் சிறு காவற்படை தாக்குப்பிடித்ததற்கு 11 விக்டோரியா சிலுவைகள் வழங்கப்பட்டன. நெடுங்காலம் பயணிகளுக்குச் சொல்லப்பட்டது இரண்டாவது கதைதான். 1838 டிசம்பர் 16 அன்று டச்சு வழிக் குடியேறிகளான போயர்கள் ஜூலுக்களை வென்ற இன்கோமே ஆற்றின் ஒரு கரையில் 64 வெண்கல மாட்டுவண்டிகள் வட்டமிட்டு நிற்கின்றன. மறுகரையில் ஜூலுக்களின் அருங்காட்சியகம் பின்னர் வந்தது. நடுவே ஒரு நடைபாலம்.

1893 ஜூன் 7 இரவில் காந்தி முதல் வகுப்புப் பெட்டியிலிருந்து இறக்கிவிடப்பட்ட பீட்டர்மாரிட்ஸ்பர்க் ரயில் நிலையம், அதே செங்கல் கட்டடமாக இருக்கிறது. காந்தியின் போராட்டத்தில் இறங்கிய, பதினாறே வயதான தில்லையாடி வள்ளியம்மை கடுங்காவல் தண்டனை அனுபவித்து, 1914 பிப்ரவரியில் இறப்பதற்குக் காரணமான காய்ச்சலைப் பெற்றதும் இந்நகரச் சிறையில்தான். ரயில் நிலையத்துக்கு வரும் தமிழ்ப் பயணிகள் அவரையும் நினைத்துக்கொள்ள வேண்டும். அங்கிருந்து சிறிது தூரத்தில் ஹோவிக் அருகே, 1962 ஆகஸ்ட் 5 அன்று காரோட்டி வேடத்தில் வந்த நெல்சன் மண்டேலா பிடிபட்டார். சாலையோர வயலில் நிற்கும் 50 எஃகுத் தூண்கள், ஒரு குறிப்பிட்ட இடத்திலிருந்து பார்க்கும்போது மட்டும் அவர் முகமாகின்றன.

டர்பனுக்கு வடக்கே இனாண்டாவில், காந்தி 1904இல் அமைத்த ஃபீனிக்ஸ் குடியிருப்பு 1985 கலவரத்தில் எரிந்து, பின்னர் மீட்டுக் கட்டப்பட்டது. அதன் அண்டையிலேயே, ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸின் முதல் தலைவரான ஜான் டுபே நிறுவிய ஓலாங்கே பள்ளி இருக்கிறது. மண்டேலா 1994 ஏப்ரல் 27 அன்று தம் வாழ்நாளின் முதல் வாக்கை அங்கே போட்டார். அன்று டுபேயின் கல்லறைக்கும் போய், நாடு விடுதலை பெற்றுவிட்டது என்று அவரிடம் தெரிவித்தார். 2024இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த மண்டேலா மரபிடங்களுள் ஓலாங்கேயும் ஒன்று.