நூறு மீற்றரும் இருநூறு மீற்றரும்

2004 டிசம்பர் 26 காலை முல்லைத்தீவுக்குள் கடல் புகுந்தபோது இங்கு அஜின்கோர்ட்டில் நத்தார் இரவு. சுமாத்திராவில் நிலம் நடுங்கிச் சுமார் இரண்டு மணித்தியாலத்தின் பின்பே அலை எமது கரைக்கு வந்தது. எச்சரிக்கும் அமைப்பொன்று அன்று இந்து சமுத்திரத்தில் இல்லை. இலங்கையில் 30,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

2005இல் அரசு எல்லை கீறியது: தெற்கிலும் மேற்கிலும் கரையிலிருந்து 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர் வரை வீடு கட்டலாகாது. இந்த இரட்டை அளவு தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் ஐயத்தைக் கிளப்பியதில் வியப்பில்லை. அதன் அடிப்படைக் குறை வேறு. தூரம் மட்டும் காப்பாற்றாது. தரையின் உயரமும் மணல்மேடும் வேண்டும். யாலவில் மணல்மேட்டை அகற்றிக் கட்டிய விடுதி அழிந்தது. மேடு நின்ற இடங்கள் பெரிதும் தப்பின. வள்ளத்தையும் வலையையும் விட்டு மீனவன் எவ்வளவு தூரம் போவான்? 2005 முடியுமுன் அரசே எல்லையைத் தளர்த்தியது. அதுவரை சனங்கள் தற்காலிகக் கொட்டில்களில் காத்திருந்தனர்.

நானும் இங்கு வீடுவீடாகப் பணம் சேர்த்தேன். எத்தனை வீடு கட்டலாம் என்றுதான் கூட்டங்களில் பேசினோம். எந்த உயரத்தில், எந்த மேட்டின் பின்னால் என்று நான் கேட்கவில்லை. அடுத்த அலைக்கு முன் அதைக் கேட்டாக வேண்டும்.