நின்று எடுத்தவரும் ஓடி எடுத்தவரும்

நிலக்காட்சிப் படம் எடுக்கப் பழகுகிறவர்கள் ஓரிரு ஆண்டுகளில் இரண்டு கட்சிகளாகப் பிரிந்துவிடுகிறார்கள். முக்காலியை ஊன்றி, ஒளியை அளந்து, ஒரே படத்துக்காக ஒரு காலைப்பொழுதைச் செலவிடுவதுதான் முறை என்பது ஒரு கட்சி. முக்காலியே பாரம், வெளிச்சம் போகும் இடத்துக்குப் போகத் தெரிந்தவனுக்குத்தான் படம் என்பது மறு கட்சி. முதல் கட்சி ஆன்செல் ஆடம்ஸை (1902–1984) குருவாகச் சொல்லும். இரண்டாவது கேலன் ரோவெலை (1940–2002) சொல்லும். கறுப்பு வெள்ளைக்கு ஒருவர், வண்ணத்துக்கு மற்றவர்; பெரிய கேமராவுக்கு ஒருவர், கையடக்கக் கேமராவுக்கு மற்றவர் என்று எதிரெதிராக நிறுத்துவது எளிது. ஆனால் இருவரும் கற்ற விதத்தை அருகருகே வைத்துப் பார்த்தால் இந்த எதிர்நிலை பல இடங்களில் தலைகீழாகிறது.

தொடக்கம் இருவருக்கும் ஒன்றுபோலவே அமைந்தது. இருவரும் கலிஃபோர்னியாவின் சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில் பிறந்தவர்கள். இருவருக்கும் யோசெமிட்டிப் பள்ளத்தாக்குதான் பள்ளிக்கூடம். ஆடம்ஸ் 1916இல், 14 வயதில், கோடக் பாக்ஸ் பிரவுனியுடன் அங்கே போனார். ரோவெல் பதின்ம வயதிலேயே அதன் பாறைகளில் கயிறு கட்டி ஏறத் தொடங்கினார். இருவருக்கும் ஒளிப்படம் நெடுநாள் வரை பொழுதுபோக்குதான். ஆடம்ஸ் பியானோ கலைஞராகவே வாழ்வதென்று இருந்து, 1930 வாக்கில்தான் மனத்தை மாற்றிக்கொண்டார். ரோவெல் கார் பழுதுபார்க்கும் பட்டறை நடத்தி, 1972இல் அதை விற்றுவிட்டு முழுநேரமாக வந்தார். பியானோவுக்கும் பட்டறைக்கும் என்ன ஒற்றுமை என்று கேட்கலாம். வயிற்றுப்பாட்டுக்கு வேறு தொழில் இருந்ததால் விற்கும் படம், விற்காத படம் என்ற கவலை இல்லாமல் நிதானமாகத் தேற இருவருக்கும் அவகாசம் கிடைத்தது. அமெச்சூர் என்ற நிலையை இருவரும் ஒரு குறையாக எண்ணி அவசரப்பட்டுத் தாண்டவில்லை.

முதல் பாடத்தை மட்டும் வெவ்வேறு இடத்திலிருந்து பெற்றார்கள். ஆடம்ஸுக்கு இசைப் பயிற்சி கொடுத்தது ஒழுங்கு. நெகட்டிவ் என்பது இசைக்குறிப்பு, பிரின்ட் என்பது கச்சேரி என்று அவர் பிற்காலத்தில் சொன்ன ஒப்புமை அந்தப் பியானோ நாள்களிலிருந்து வந்தது. ரோவெலின் தாயும் இசைக்காரர்தான், செல்லோ கற்பித்தவர். ஆனால் மகன் மலையிடமிருந்து கற்றார். மலை ஏறுகிறவன் மேகத்தைப் பார்த்து நிமிடக் கணக்கில் முடிவெடுக்க வேண்டும், தூக்க முடிந்ததை மட்டுமே எடுத்துப்போக வேண்டும். இந்த இரண்டு நிர்ப்பந்தங்களுமே பின்னாளில் அவருடைய படப்பாணி ஆயின.

இருவரையும் ஒரே பாறையின் முன் நிறுத்திப் பார்க்கலாம். 1927 ஏப்ரலில் ஆடம்ஸ் பனிச்சரிவில் ஏறி, யோசெமிட்டியின் ஹாஃப் டோம் பாறைக்கு எதிரே இருந்த விளிம்பில் கேமராவை நிறுத்தினார். கொண்டுபோன கண்ணாடித் தகடுகளில் மிஞ்சியவை இரண்டு. ஒன்றை மஞ்சள் பில்டருடன் எடுத்து முடித்தபோதே, வானம் வெளிறித்தான் விழும், தான் உணர்ந்த கம்பீரம் அதில் வராது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. கடைசித் தகட்டை அடர் சிவப்பு பில்டருடன் எடுத்தார். நீல வானம் ஏறக்குறையக் கறுப்பாக விழுந்தது. பாறை தனித்து எழுந்து நின்றது. கண்ணுக்குத் தெரிவதை எடுப்பதைவிட, மனத்தில் முன்கூட்டியே கண்ட படத்தை எடுப்பது என்ற அவருடைய கொள்கை பிறந்த இடம் அது.

1973இல் ரோவெல் இரண்டு நண்பர்களுடன் அதே ஹாஃப் டோமின் செங்குத்துச் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தார். பாறையில் ஆணி அடிக்காமல், இடுக்குகளில் செருகி மீண்டும் எடுத்துக்கொள்ளும் உலோகத் துண்டுகளை மட்டும் நம்பி அந்தச் சுவரை ஏறிய முதல் குழு அது. அப்போது எடுத்த படங்கள் 1974 ஜூன் ‘நேஷனல் ஜியோகிராஃபிக்’ இதழின் அட்டைக் கட்டுரையாக வந்தன. ஆடம்ஸ் சுவரை எதிரே நின்று பார்த்தார். ரோவெல் அதில் ஒட்டிக்கொண்டு பார்த்தார். ஆடம்ஸின் படத்தில் மனிதர் இல்லை; ரோவெலின் படங்களில் மனிதர் இல்லாவிட்டால் பாறையின் உயரமே புரியாது. ஒரே பாறை ஒருவருக்கு ஆளில்லாத கம்பீரமாகவும் மற்றவருக்கு ஆள் அளவையால் விளங்கும் உயரமாகவும் ஆனது.

இருவரையும் பிரித்ததில் குணத்துக்குப் பங்கு உண்டு. பிலிமுக்கு அதைவிடப் பெரிய பங்கு உண்டு. கறுப்பு வெள்ளை நெகட்டிவ் நெகிழ்வானது. நிழலுக்குத் தேவையான ஒளியைக் கொடுத்துவிட்டு, வெளிச்சப் பகுதியை டெவலப் செய்யும் நேரத்தைக் கூட்டியோ குறைத்தோ கட்டுப்படுத்தலாம். ஆடம்ஸ், ஃபிரெட் ஆர்ச்சருடன் சேர்ந்து 1940ஐ ஒட்டி வகுத்த மண்டல முறை இந்த நெகிழ்வைக் கணக்காக்கியது. முழுக் கறுப்பிலிருந்து வெறும் தாளின் வெள்ளைவரை 11 படிகள்; அவையே மண்டலங்கள். ஒவ்வொரு படியும் முந்தையதைவிட இரு மடங்கு ஒளி. ரோவெல் பயன்படுத்திய வண்ண ஸ்லைடு பிலிமுக்கு இந்த நெகிழ்வு கிடையாது. ஏறக்குறைய ஐந்து படி, அதாவது ஐந்து ஸ்டாப் வரைதான் அது தாங்கும். அதற்கு மேல் போனால் வானம் வெளிறும், கீழே போனால் நிழல் கரியாகும். அதோடு, கேமராவில் விழுந்ததே இறுதிப் படம். இருட்டறையில் போய்த் திருத்துவதற்கு இடமில்லை.

ஆகவே ஒருவர் இருட்டறையில் செய்த வேலையை மற்றவர் மலைமேலேயே செய்ய வேண்டியிருந்தது. ஆடம்ஸ் பிரின்ட் போடும்போது வானத்துக்குக் கூடுதல் ஒளி காட்டி இருட்டாக்குவார், நிழலைக் கையால் மறைத்து வெளுக்கவைப்பார். ரோவெல் மேல்பாதி மங்கலாகவும் கீழ்ப்பாதி தெளிவாகவும் உள்ள பில்டரை லென்ஸ் முன் பிடித்து, பிரகாசமான மலையுச்சியை இரண்டு மூன்று ஸ்டாப் தணித்து, நிழலில் கிடக்கும் அடிவாரத்தோடு ஒரே பிலிமில் அடக்கினார். சிங்-ரே நிறுவனம் அந்த பில்டர்களை அவர் பெயரிலேயே விற்றது. செயல் ஒன்றுதான், ஒருவர் ஷட்டருக்குப் பின் செய்தார், மற்றவர் ஷட்டருக்கு முன் செய்தார். கண் பார்ப்பது வேறு, பிலிம் பார்ப்பது வேறு, இந்த இடைவெளியை நிரப்பத் தெரிந்தவனே படைப்பாளி என்ற தெளிவு இருவருக்கும் பொது.

இனி அவரவரின் மிகப் புகழ்பெற்ற படத்துக்கு வருவோம். கட்சி பிரிப்பவர்கள் சற்றும் எதிர்பாராத தலைகீழ் மாற்றம் இங்கேதான் இருக்கிறது.

நிதானத்தின் குருவான ஆடம்ஸின் தலைசிறந்த படம் அடித்துப்பிடித்து எடுத்தது. 1941 இலையுதிர் காலத்தில், நியூ மெக்சிகோவின் ஹெர்னாண்டஸ் கிராமத்தருகே காரில் வரும்போது நிலவு எழுவதையும், கல்லறைச் சிலுவைகள் மீது கடைசி வெயில் விழுவதையும் கண்டார். காரை ஓரங்கட்டி, உடன் வந்தவர்களை அவசரப்படுத்தி, 8க்கு 10 அங்குலக் கேமராவை நிறுத்தினார். லைட் மீட்டர் அகப்படவில்லை. நிலவின் ஒளிர்வு சதுர அடிக்கு 250 கேண்டில் என்பது அவருக்கு மனப்பாடம். அதை ஏழாவது மண்டலத்தில் வைத்தால் நடுச்சாம்பல் ஏறக்குறைய 60இல் விழும். பிலிம் வேகம் 64 என்பதால் எஃப் 8க்கு நொடியில் 60இல் ஒரு பங்கு. பில்டருக்காக மூன்று மடங்கு. எஃப் 32க்கு இறங்கினால் ஒரு நொடி. ஷட்டரை அழுத்தினார். இரண்டாவது படத்துக்காகப் பிலிம் தட்டைத் திருப்புவதற்குள் சிலுவைகளின் வெயில் போய்விட்டது. பின்னாளில் அந்த நாளையே ஆடம்ஸ் மறந்துபோனார்; நிலவின் நிலையைக் கணக்கிட்டுத்தான் அது நவம்பர் 1, மாலை 4 மணி 49 நிமிடம் என்று வானியலில் தேர்ந்தவர்கள் கண்டுபிடித்தார்கள்.

வேகத்தின் குருவான ரோவெலின் தலைசிறந்த படமோ கணக்கில் விளைந்தது. 1981இல் திபெத்தின் லாசாவில் ஒரு மாலை வானவில் தோன்றியது. போட்டாலா அரண்மனையிலிருந்து அது விலகி நின்றது. உடன் வந்தவர்கள் இரவுச் சாப்பாட்டுக்குக் கிளம்பினார்கள்; ரோவெல் கேமராவுடன் ஓடினார். அந்த ஓட்டத்தைத்தான் எல்லாரும் சொல்கிறார்கள். எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்பது எப்படித் தெரிந்தது? வானவில் சூரியனுக்கு நேர் எதிர்ப்புள்ளியைச் சுற்றி ஏறக்குறைய 42 பாகையில் நிற்பது, பார்ப்பவர் நகர்ந்தால் அதுவும் கூடவே நகரும், அரண்மனை நகராது. எனவே எங்கே போய் நின்றால் வில்லின் முனை பொன்கூரையில் இறங்கும் என்று முன்கூட்டியே சொல்ல முடியும். கால் ஓடுவதற்கு முன்பே அவர் மனம் படத்தை எடுத்து முடித்துவிட்டது.

ஆக, நின்றவர் ஓடியிருக்கிறார். ஓடியவர் கணக்குப் போட்டிருக்கிறார். ஆடம்ஸின் அன்றைய வேகம் பல ஆண்டு நிதானத்தில் சேர்ந்தது. ரோவெலின் ஓட்டத்துக்குத் திசை காட்டியது ஒளி பற்றிய அறிவு.

வளர்ச்சியின் தடம் எங்கே பதிகிறது என்பதில் மட்டும் உண்மையான வேறுபாடு ஒன்று நிலைக்கிறது. ஆடம்ஸ் தம் பழைய நெகட்டிவ்களிடம் திரும்பிக்கொண்டே இருந்தார். ஹெர்னாண்டஸ் நெகட்டிவின் முன்பகுதி மெலிந்திருந்ததால் 1948இல் அதை ரசாயனத்தால் செறிவூட்டினார். அதிலிருந்து 1,300க்கும் மேற்பட்ட பிரின்ட்டுகள் போட்டார். தொடக்க காலப் பிரின்ட்டில் வானத்தில் மேகப் பட்டைகள் தெரியும். பிற்காலத்தில் வானம் கன்னங்கரேலென்று ஆகிவிட்டது. ஒரு கலைஞரின் 40 ஆண்டு முதிர்ச்சியை ஒரே படத்தின் பிரதிகளில் வரிசையாகப் படிக்கலாம். ஸ்லைடு எடுத்த ரோவெலுக்கு அந்த வாய்ப்பு இல்லை. அவர் பழைய படத்துக்குத் திரும்பாமல் பழைய இடத்துக்குத் திரும்பினார். கிழக்கு சியராவின் அதே முகடுகளுக்கு வேறு பருவம், வேறு வெளிச்சம் தேடி மீண்டும் மீண்டும் போனார். முன்னவரின் திருத்தல் பிரின்ட்டில் இருக்கிறது, பின்னவரின் திருத்தல் நடையில் இருக்கிறது.

சீடர்கள் தவறிய இடங்களும் இரட்டையாகவே இருக்கின்றன. ஆடம்ஸைப் பின்பற்றியவர்களில் பலர் மண்டலக் கணக்கைக் கரைத்துக் குடித்துவிட்டு, சொல்வதற்கு ஒன்றுமில்லாத குறையற்ற பிரின்ட்டுகளைக் குவித்தார்கள். ரோவெலைப் பின்பற்றியவர்களில் பலர் அந்திச் சிவப்பைத் துரத்தி, எந்த மலை என்றே தெரியாத வண்ணக் குவியலில் முடிந்தார்கள். குருவின் கருவியைப் பிடித்துக்கொண்டு குருவின் மனப்படத்தை விட்டுவிட்டார்கள். சியரா கிளப் அமைப்புக்கு இந்தக் கட்சி பேதம் இருக்கவில்லை. ஆடம்ஸ் மறைந்த 1984இலேயே, அவர் பெயரில் அமைந்த இயற்கைப் பாதுகாப்பு ஒளிப்பட விருதை ரோவெலுக்குக் கொடுத்தது.

இன்றைய டிஜிட்டல் கேமரா இந்த வழக்கைப் பெரும்பாலும் தீர்த்துவிட்டது. அதன் ரா கோப்பு ஸ்லைடைவிடப் பல ஸ்டாப் அதிகம் தாங்குகிறது. ஆடம்ஸின் இருட்டறையும் ரோவெலின் பில்டரும் ஒரே மென்பொருளில் இரண்டு பொத்தான்களாக இருக்கின்றன. மிஞ்சியிருப்பது பழக்கம் மட்டும். யாரிடமிருந்து முதலில் கற்பது என்று கேட்டால் என் தீர்ப்பு இது: தொடங்குகிறவர் ரோவெலிடம் தொடங்கட்டும். பின்னால் திருத்திக்கொள்ளலாம் என்ற எண்ணத்தை ஒதுக்கிவிட்டு, ஒரே லென்ஸுடன், நடந்து போகும் தூரத்தில் உள்ள ஏரிக்கோ குன்றுக்கோ எல்லாப் பருவத்திலும் போய் வரட்டும். ஒளி எங்கிருந்து வந்து எங்கே விழும் என்பது காலுக்குப் பழகும். அதன்பின் ஆடம்ஸிடம் வரட்டும்; சென்ற ஆண்டின் கோப்பு ஒன்றைத் திறந்து புதிதாகப் பிரின்ட் போடட்டும். கண் எவ்வளவு தேறியிருக்கிறது என்பதற்கு அதைவிட நேர்மையான தேர்வு இல்லை. எந்த வரிசையில் கற்றாலும் ஒன்றை மட்டும் தள்ளிப்போட வேண்டாம்: வேண்டிய படம் எது என்று தனக்குள் சொல்லிக்கொண்ட பிறகே கேமராவை எடுங்கள்.