ஞாயிறு காலையும் வெள்ளி மாலையும்

கார்கள் ஆளும் தெருவைச் சில மணி நேரமாவது சைக்கிள்காரர்கள் கையில் கொடுத்த கூட்டங்களில் இரண்டு உலகப் புகழ் பெற்றவை. ஒன்று, கொலம்பியாவின் தலைநகர் போகோட்டாவில் 1974 டிசம்பர் 15 அன்று தொடங்கிய சிக்லோவியா. இன்னொன்று, சான் பிரான்சிஸ்கோவில் 1992 செப்டம்பரின் கடைசி வெள்ளிக்கிழமை புறப்பட்ட கிரிட்டிகல் மாஸ். முன்னதை அரசு விழா என்றும் பின்னதை அடங்காதவர்களின் கலகம் என்றும் பிரித்துப் பேசுவது வழக்கம். அதை ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. அனுமதி இருந்ததா இல்லையா என்பதைவிட, எந்த நேரத்தில் தெருவைக் கேட்டார்கள் என்பதில்தான் இரண்டும் விலகிப் போகின்றன.

போகோட்டாவில் இதை ஆரம்பித்தவர்கள் அதிகாரிகள் அல்ல. அமெரிக்காவில் படித்து ஊர் திரும்பிய கட்டடக் கலைஞர் ஹைமே ஓர்டிஸ் மரின்யோவும் அவருடைய கூட்டாளிகளும், நகரம் கார்களுக்கே எழுதி வைக்கப்படுவதைப் பொறுக்க மாட்டாமல் சைக்கிளுக்காக ஆள் திரட்டினார்கள். சுமார் 5,000 பேர் வந்தார்கள். 1976-ல் மாநகராட்சி ஆணை போட்டு அதைத் தன்னுடையதாக்கிக்கொண்டது. அரசு தத்தெடுத்த இயக்கம் சடங்காகச் சுருங்குவது எந்த ஊரிலும் நடப்பதுதான். இங்கேயும் அப்படித்தான் சுருங்கிக் கிடந்தது. 1995-ல் பூங்காத் துறைப் பொறுப்புக்கு வந்த கில் பெனலோசா, பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்குள் முடங்கியிருந்த பாதையை நூறு கிலோமீட்டருக்கு மேல் நீட்டினார்.

இன்று எல்லா ஞாயிறும், பண்டிகை விடுமுறை நாட்களும், காலை 7 மணி முதல் பிற்பகல் 2 மணி வரை சுமார் 120 கிலோமீட்டர் சாலையில் கார் கிடையாது. சைக்கிள் மட்டும் ஓடுவதாக நினைத்துவிட வேண்டாம். ஸ்கேட்டிங் சக்கரம் கட்டிய பிள்ளைகள், நாயைப் பிடித்துக்கொண்டு நடக்கும் தாத்தாக்கள், பழச்சாறு விற்பவர்கள், ஓரத்தில் உட்கார்ந்து பஞ்சர் ஒட்டுபவர்கள் எல்லாரும் அதே சாலையில்தான். வழியில் இருக்கும் பூங்காக்களில் மேடை போட்டு ஒருவர் ஆடிக் காட்ட, கீழே நூற்றுக்கணக்கானவர்கள் பார்த்து ஆடுகிறார்கள். அதையும் மாநகராட்சிதான் நடத்துகிறது, இலவசம். ஒரே நாளில் பதினைந்து லட்சம் பேர் வரை வருவதாகக் கணக்குச் சொல்கிறார்கள். அரசுக் கணக்கை நம்பாதவர்கள் பாதியாகக் குறைத்துக்கொள்ளலாம். அப்போதும் அது பெரிய கூட்டம்தான். தெற்கில் இருக்கும் ஏழைப் பகுதிகளையும் வடக்கில் இருக்கும் வசதியானவர்களின் பகுதிகளையும் ஒரே பாதை தொட்டுப் போவதுதான் இதில் எனக்கு முக்கியமாகப் படுகிறது. வார நாட்களில் ஒருவரையொருவர் கார்க் கண்ணாடி வழியாக மட்டும் பார்த்துக்கொள்ளும் இரண்டு சாரார், அன்றைக்கு ஒரே கடையில் ஜூஸ் குடிக்கிறார்கள்.

சான் பிரான்சிஸ்கோ கூட்டத்தின் கதையே வேறு. மாதத்தின் கடைசி வெள்ளி, வேலை முடிந்து ஊரே வீடு திரும்பும் மாலை நேரம், துறைமுகத்தை ஒட்டிய சதுக்கம். முதல் மாதம் வந்தவர்கள் ஐம்பது பேர் இருந்தால் அதிகம். தலைவர் இல்லை, சங்கம் இல்லை, போகும் பாதைகூட முன்கூட்டி முடிவாகியிருக்காது. யாருக்கு ஒரு வழி தோன்றுகிறதோ அவர் வரைந்து ஜெராக்ஸ் எடுத்து வந்து கொடுக்கலாம். பிடித்திருந்தால் கூட்டம் அந்த வழியில் போகும். பெயர் ஓர் ஆவணப்படத்திலிருந்து வந்தது. சீன நகரங்களில் சிக்னல் இல்லாத சந்திப்புகளில் சைக்கிள்காரர்கள் ஒதுங்கிக் காத்திருந்து, போதுமான ஆள் சேர்ந்ததும் ஒன்றாகக் கடந்துவிடுவார்கள் என்று அதில் ஒருவர் விவரிப்பார். இவர்கள் செய்ததும் அதேதான். நாலைந்து பேர் குறுக்குத் தெருவின் வாயில் சைக்கிளைப் போட்டு நின்று கார்களை மறிப்பார்கள்; மற்றவர்கள் கடந்த பிறகு நகர்ந்துவிடுவார்கள்.

அக்டோபர் மாத வெள்ளியில் பேய் வேஷம், கோமாளி வேஷம், சைக்கிளில் கட்டிய பாட்டுப் பெட்டி என்று களை கட்டும். ஆனால் கோபமும் கூடவே வந்தது. 1997 ஜூலையில் மேயர் வில்லி பிரவுன் இதை அடக்கியே தீருவது என்று கிளம்பினார். விளைவு, அந்த மாதம் சுமார் 5,000 பேர் திரண்டார்கள். நூறு பேருக்கு மேல் கைதானார்கள். கூப்பிட்டுப் பேசலாம் என்றால், பேசுவதற்குத் தலைவர் என்று ஒருவர் வேண்டுமே! நகர நிர்வாகம் ஓய்ந்தது, ஊர்வலம் ஓயவில்லை.

கேளிக்கை என்று பார்த்தால் போகோட்டாவுக்கே என் ஓட்டு. மறித்து நிற்கும் கூட்டத்துக்குள் ஐந்து வயதுப் பிள்ளையைக் கூட்டிப்போக எந்தத் தாய்க்கும் கை நடுங்கும். ஹாரன் அடிப்பவனோடு மல்லுக்கு நிற்கும் இளவட்டங்கள் கிரிட்டிகல் மாஸுக்குக் கெட்ட பெயர் வாங்கிக் கொடுத்ததும் உண்மை. அவசரமாக வீடு போக வேண்டிய ஒரு நர்ஸோ டிரைவரோ அந்த மாலையில் அவர்களைத் திட்டினால் நான் குற்றம் சொல்ல மாட்டேன்.

ஆனாலும் ஒன்று இருக்கிறது. ஞாயிறு காலையில் தெருவைக் கொடுப்பது காருக்குப் பெரிய நஷ்டம் இல்லை. வெள்ளி மாலை ஆறு மணிக்குக் கேட்பதுதான் வலிக்கும். வேலைக்குப் போய்வருவதற்கே சைக்கிளை நம்பியிருப்பவன், தினமும் உயிரைப் பணயம் வைக்கும் நேரத்திலேயே வந்து கேட்டான். அந்தக் கேள்வியை ஞாயிற்றுக்கிழமைக்கு ஒத்திப்போட முடியாது.

வேடிக்கை என்னவென்றால் இரண்டு ஊர்களும் பிறகு ஒன்றை நோக்கி இன்னொன்று நகர்ந்தன. 2008-ல் சான் பிரான்சிஸ்கோ நகரமே போகோட்டாவைப் பார்த்து ஞாயிற்றுக்கிழமைத் தெரு விழா ஒன்றைத் தொடங்கியது. அமெரிக்காவில் படித்தவர் தொடங்கிய ஒன்று, ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டு கழித்து அமெரிக்காவுக்கே பாடமானது. போகோட்டாவும் சும்மா இருக்கவில்லை. 1998-ல் மேயரான என்ரிக்கே பெனலோசா, கில்லின் அண்ணன், வார நாளுக்கும் நிரந்தரச் சைக்கிள் பாதைகளைப் போட ஆரம்பித்தார். 2020 மார்ச்சில் கொரோனா வந்தபோது, பஸ் நெரிசலைக் குறைக்க மேயர் கிளாடியா லோபஸ் சில நாட்களிலேயே 75 கிலோமீட்டருக்கு மேல் தற்காலிகப் பாதைகளைத் திறந்துவிட்டார். ஞாயிறுதோறும் சாலையை மூடித் திறந்து பழகிய ஊருக்கு அது புது வேலையாக இருக்கவில்லை.

நம் நாட்டில் 2013 நவம்பரில் குருகிராம் இந்த வழியில் இறங்கியது. ராஹ்கிரி என்று பெயர் வைத்தார்கள். சென்னை பெசன்ட் நகரிலும் கார் இல்லாத ஞாயிறுகளை நடத்திப் பார்த்தார்கள். இப்படி ஒன்றை உங்கள் ஊரில் யாராவது தொடங்கினால், சிறப்பு விருந்தினர் யார் என்று விசாரிக்காதீர்கள். அடுத்த வாரமும் சாலை மூடப்படுமா, திங்கட்கிழமை காலை சைக்கிளில் போகிறவருக்கு எத்தனை அடி இடம் ஒதுக்கப் போகிறீர்கள் என்று கேளுங்கள்.